மகளுக்கு நேவல் அகாடமி சம்மர் செமினார்: விண்ணப்பம் திறக்கும் முன் என்னென்ன தயாராக இருக்க வேண்டும்?

கொள்ளிடக்கரை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. மகள் நியூ ஜெர்சியில் அரசுப் பள்ளியில் 11-ஆம் வகுப்பு படிக்கிறாள். வரும் கோடையில் அன்னபோலிஸ் நேவல் அகாடமியின் (கடற்படை அதிகாரிகளை உருவாக்கும் நான்காண்டுக் கல்லூரி) ஒரு வார சம்மர் செமினாருக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்கிறாள். வெஸ்ட் பாயிண்ட் (தரைப்படை), ஏர் ஃபோர்ஸ், கோஸ்ட் கார்டு ஆகியவற்றின் அகாடமிகளிலும் இதுபோன்ற திட்டங்கள் உண்டு என்று பள்ளிக் கவுன்சிலர் சொன்னாராம். எங்கள் உறவு வட்டத்தில் இந்தப் பக்கம் போனவர்கள் யாரும் இல்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

1. நான்குக்கும் தேதிகள் எப்படி? எல்லாவற்றுக்கும் போடலாமா, ஒன்றோடு நிறுத்த வேண்டுமா?

2. மகளிடம் இருப்பது க்ரீன் கார்டு. என் மனைவி சென்ற அக்டோபரில் குடியுரிமை உறுதிமொழி எடுத்துவிட்டார். எனக்கு இன்னும் முடியவில்லை. மகள் விண்ணப்பிக்க முடியுமா?

3. மதிப்பெண் நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு புல்-அப்கூட எடுக்க வராது. இதனால் தள்ளிவிடுவார்களா?

4. இதில் சேர்ந்தால் பிறகு ராணுவத்தில் சேர்ந்தே ஆக வேண்டும் என்று ஏதாவது கட்டாயம் உண்டா? வீட்டில் பாட்டி கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.

---

வடதிசை எழுதியது:

நான்காவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், பாட்டிக்கு நிம்மதியாக இருக்கும். சம்மர் செமினாருக்குப் போய் வருவதால் எந்தக் கடமையும் ஏற்படாது. அந்த ஒரு வாரமும் உங்கள் மகள் பள்ளி மாணவிதான், படைவீரர் அல்ல. அகாடமியிலேயே நான்காண்டுப் படிப்பில் சேர்ந்தாலும், முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் விலகினால் சேவைக் கடமை கிடையாது. மூன்றாம் ஆண்டு தொடக்கத்தில்தான் கையெழுத்து. பட்டம் பெற்ற பின் குறைந்தது 5 ஆண்டு முழுநேரப் பணி. விமானி ஆகிறவர்களுக்கு அது இன்னும் நீளும்.

தேதிகளில் எல்லோரும் தவறவிடுவது ஏர் ஃபோர்ஸ். மற்றவை ஜனவரி, பிப்ரவரியில் திறக்கும்போது, கொலராடோ ஸ்பிரிங்ஸில் இருக்கும் அவர்கள் வழக்கமாக டிசம்பரிலேயே திறந்து ஜனவரி நடுவில் மூடிவிடுவார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறையில் கவுன்சிலர் அலுவலகம் பூட்டியிருக்கும், மதிப்பெண் சான்று கிடைக்காது, தேதி போய்விடும். நேவல் அகாடமிக்கு வழக்கமாக ஜனவரியில் திறந்து மார்ச் கடைசியில் மூடும். வெஸ்ட் பாயிண்டின் சம்மர் லீடர்ஸ் எக்ஸ்பீரியன்ஸும் ஏறக்குறைய அதே காலம். கோஸ்ட் கார்டு அகாடமியின் எய்ம் திட்டம் பிப்ரவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை. நாள் ஆண்டுக்கு ஆண்டு நகரும் என்பதால் நவம்பர் கடைசியிலேயே நான்கு இணையதளங்களையும் திறந்து அந்த ஆண்டின் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்கும் 11-ஆம் வகுப்பு முடித்து 12-க்குப் போகிறவர்களுக்கானவை. இந்தக் கோடையை விட்டால் மறு வாய்ப்பு இல்லை. (நேவல் அகாடமி தனியாக நடத்தும் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) முகாம் இன்னும் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு. பெயர் குழம்பி அதில் போய் நிரப்பாதீர்கள்.)

எத்தனைக்கு வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். தேதிகள் மோதாவிட்டால் இரண்டுக்குப் போயும் வரலாம். நேவல் அகாடமி ஜூனில் ஒரு வாரம் வீதம் பல சுற்றுகளாக நடத்தும். எய்ம் ஜூலையில். கடற்படை, கடலோரக் காவல் இரண்டிலும் ஆர்வம் இருந்தால் இந்த இரண்டும் நன்றாகப் பொருந்தும். கப்பலே பிடிக்காத பிள்ளையை எண்ணிக்கைக்காக எய்முக்குப் போட வேண்டாம். போகும் இடத்தில் அது ஒரே நாளில் தெரிந்துவிடும், வேறு ஒரு பிள்ளையின் இடமும் வீணாகும்.

நியூ ஜெர்சிக்காரர்களுக்கு ஒரு சிக்கல்: உங்கள் பள்ளி ஜூன் மூன்றாம் வாரம் வரை போகும். தெற்கு, நடு மாநிலங்களில் மே கடைசியிலேயே முடிந்துவிடும். செமினாரின் முதல் சுற்று ஜூன் தொடக்கத்தில் வந்தால் உங்களுக்கு இறுதித் தேர்வு நேரம். விருப்பச் சுற்று கேட்கும் இடத்தில் கடைசிச் சுற்றை முதலில் குறியுங்கள். கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வும் ஜூன் தொடக்கத்தில் வரும், அதை மார்ச் அல்லது மே மாதத்துக்கு மாற்றிக்கொள்வது நல்லது. ஊருக்கு விமான டிக்கெட் எடுப்பதாக இருந்தால் முடிவு வரும்வரை பொறுங்கள்.

---

படிவம்_பார்ப்பவன் எழுதியது:

குடியுரிமை பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் கேள்வியிலேயே ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. உங்கள் மகள் இப்போது வெறும் க்ரீன் கார்டுக்காரர் அல்ல. பெற்றோரில் ஒருவர் அமெரிக்கக் குடிமகன் ஆகும்போது, பிள்ளை 18 வயதுக்குக் கீழே இருந்து, நிரந்தரக் குடியிருப்பு உரிமையோடு அந்தப் பெற்றோரின் பொறுப்பில் இங்கேயே அவரோடு வாழ்ந்தால், பிள்ளையும் சட்டப்படி தானாகவே குடிமகன் ஆகிவிடும். 2000-ஆம் ஆண்டுச் சட்டம் இது. உங்கள் மனைவி உறுதிமொழி எடுத்த அன்றே மகளும் குடிமகள். விண்ணப்பத்தில் "நிரந்தரக் குடியிருப்பாளர்" என்று குறித்தால் தவறான தகவல் கொடுத்ததாகும். அதைவிட, தகுதி இல்லை என்று படிவமே வெளியே தள்ளிவிடவும் கூடும்.

ஆனால் கையில் சான்று வேண்டும். இரண்டு வழி: என்-600 படிவம் போட்டுக் குடியுரிமைச் சான்றிதழ் வாங்கலாம், செலவும் காலமும் அதிகம். அல்லது நேராக அமெரிக்கப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கலாம். முதலில் பாஸ்போர்ட் எடுங்கள். அதற்குத் தாயின் குடியுரிமைச் சான்றிதழ் அசல், மகளின் க்ரீன் கார்டு, பெற்றோர் பெயருடன் பிறப்புச் சான்றிதழ் தேவை. நம் ஊர்ப் பிறப்புச் சான்றிதழில்தான் சிக்கல் வரும். சில சான்றிதழ்களில் குழந்தையின் பெயரே இருக்காது, பதிவு செய்த அன்று பெயர் வைத்திருக்க மாட்டார்கள். சிலவற்றில் தமிழ் மட்டும். பெயர் இல்லாவிட்டால் பதிவு செய்த நகராட்சி அல்லது ஊராட்சியில் சேர்த்து வாங்க வேண்டும். தமிழ் மட்டும் என்றால் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும். ஊரில் ஒருவரை அனுப்பி இதை முடிக்கவே வாரக்கணக்கில் ஆகும், இன்றே தொடங்குங்கள். பாஸ்போர்ட் வந்ததும் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் போய்க் குடியுரிமை நிலையை மாற்றச் சொல்லுங்கள். இதை நிறையப் பேர் செய்வதில்லை. பிற்பாடு எண்ணைச் சரிபார்க்கும்போது பழைய நிலை வந்து நிற்கும்.

அடுத்து பெயர். நம்மவர்கள் விண்ணப்பம் தடுமாறுவது மதிப்பெண்ணால் அல்ல, பெயரால். பள்ளியில் "கயல்விழி எம்" என்று இருக்கும், பாஸ்போர்ட்டில் "கயல்விழி முருகேசன்", எஸ்.ஏ.டி. கணக்கில் "கயல்" மட்டும். இந்தியப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்திருந்தால், விசாவில் மகளின் பெயரே குடும்பப் பெயராகி, முதல் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யூ.' (முதல் பெயர் தெரியவில்லை) என்று விழுந்திருக்கும். மதிப்பெண் ஒரு பெயரில் வந்து, விண்ணப்பம் வேறு பெயரில் இருந்தால் இரண்டும் சேராது. "உங்கள் மதிப்பெண் வரவில்லை" என்றுதான் திரையில் காட்டும். காரணம் சொல்லாது. எனவே பாஸ்போர்ட், சமூகப் பாதுகாப்பு அட்டை, பள்ளி டிரான்ஸ்கிரிப்ட், காலேஜ் போர்டு (எஸ்.ஏ.டி. நடத்தும் அமைப்பு) கணக்கு நான்கிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர் இருக்கட்டும். பிறந்த தேதியையும் பாருங்கள். நாள் முதலில் மாதம் பிறகு என்று நம் பழக்கத்தில் யாராவது மாற்றி நிரப்பியிருப்பார்கள்.

மின்னஞ்சல்: பள்ளி கொடுத்த முகவரியைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பல பள்ளிகளின் வடிகட்டி வெளியிலிருந்து வருவதைத் தடுத்துவிடும். 12-ஆம் வகுப்பு முடிந்ததும் கணக்கே மூடப்படும். மகளின் பெயரில் தனி முகவரி, அதைத் தினமும் அவளே பார்க்க வேண்டும். அப்பாவின் முகவரியும் வேண்டாம்.

நேவல் அகாடமியில் ஒரு முக்கியமான விஷயம். சம்மர் செமினார் விண்ணப்பமே நான்காண்டுப் படிப்புக்கான பூர்வாங்க விண்ணப்பமாகவும் எடுத்துக்கொள்ளப்படுகிறது. அதாவது இது கோடை முகாம் படிவம் என்று நினைத்து அவசரத்தில் அடிப்பது, பிறகு சேர்க்கைக் கோப்பின் முதல் பக்கமாக உட்காரும். வகுப்பில் இடம் என்ன, எத்தனை பேர் என்று கேட்டால் கவுன்சிலரிடம் கேட்டு எழுதுங்கள். பள்ளி தரவரிசை தருவதில்லை என்றால் தருவதில்லை என்றே குறியுங்கள், ஊகித்து எண் போடக் கூடாது. பி.எஸ்.ஏ.டி. (எஸ்.ஏ.டி.க்கு முன்னோட்டத் தேர்வு) மதிப்பெண் போதும் என்று இருக்கும் இடத்திலும், எஸ்.ஏ.டி. நல்லதாக இருந்தால் அதைக் கொடுங்கள். கணிதப் பகுதியைக் கவனமாகப் பார்க்கிறார்கள். முதல் ஆண்டிலேயே எல்லோருக்கும் கால்குலஸும் வேதியியலும் உண்டு.

செயல்பாடுகள் பகுதியில் நம் பிள்ளைகள் செய்வதைச் சரியாகச் சொல்லத் தெரியாமல் விட்டுவிடுகிறோம். பரதநாட்டிய அரங்கேற்றம் என்று மட்டும் எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. எத்தனை ஆண்டுப் பயிற்சி, வாரத்துக்கு எத்தனை மணி, இளையவர்களுக்குக் கற்றுக்கொடுத்தாளா, எத்தனை பேருக்கு என்று எழுதினால் அது தலைமைப் பொறுப்பு. தமிழ்ப் பள்ளியில் உதவி ஆசிரியராக இருந்தாலும் அப்படித்தான். பள்ளி விளையாட்டு அணி இருந்தால் அதை மேலே போடுங்கள், உடல் தகுதிக்கும் குழுவில் பழகுவதற்கும் அதுதான் நேரடிச் சாட்சி. பத்துச் சங்கங்களில் வெறும் உறுப்பினர் என்பதைவிட இரண்டில் பொறுப்பு என்பது எடை கூடும்.

கட்டுரை கேட்டால் அவளே எழுதட்டும். பெற்றோர் எழுதியது முதல் வரியிலேயே தெரியும். அலுவலகத்துக்கு ஏதாவது கேட்க வேண்டுமானாலும் அழைப்பது அவளாக இருக்கட்டும்.

---

கொள்ளிடக்கரை எழுதியது:

கண்ணைத் திறந்துவிட்டீர்கள். குடியுரிமை விஷயம் எங்களுக்குத் தெரியவே தெரியாது. பிறப்புச் சான்றிதழைப் பார்த்தேன், பெயர் இருக்கிறது.

இன்னும் இரண்டு சந்தேகம். சிறு வயதில் அவளுக்கு இழைப்பு இருந்தது, பத்து வயதுக்கு மேல் இன்ஹேலர் எடுக்கவில்லை. இதைப் படிவத்தில் எழுத வேண்டுமா? ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினர் விசா இல்லாமல் இந்தியா வந்துபோக உதவுவது) வாங்கும் எண்ணமும் இருக்கிறது, அதற்கும் இதற்கும் ஏதாவது முட்டுமா?

---

ஓட்டக்காரி எழுதியது:

புல்-அப் பற்றி யாரும் சொல்லலையே, நான் சொல்றேன் அண்ணா. செமினாருக்குத் தேர்வு செய்யும்போது யாரும் கம்பியில் தொங்கவிட்டுப் பார்க்கப்போறதில்லை. ஆனா அங்கே போனதும் விடியற்காலையிலேயே உடற்பயிற்சி தொடங்கிடும். அதுக்குப் பிறகு அகாடமி விண்ணப்பத்துக்கு சி.எஃப்.ஏ. என்கிற உடல் தகுதித் தேர்வு கட்டாயம். அதுக்கு இப்பவே தயார் பண்ணினா இரண்டுக்கும் ஆகும்.

அதில் ஆறு பகுதி, இந்த வரிசையில்: முழங்காலிட்டபடி கூடைப்பந்தை ஒரு கையால் தலைக்கு மேல வீசுறது, புல்-அப், 40 கஜம் திரும்பித் திரும்பி ஓடுறது, வயிற்றுப் பயிற்சி, புஷ்-அப், கடைசியா ஒரு மைல் ஓட்டம். ஒவ்வொண்ணா எடுத்தா கஷ்டமில்லை. நடுவில் சில நிமிட ஓய்வோடு அடுத்தடுத்து வர்றதுதான் கஷ்டம். முதல் ஐந்தில் மூச்சைக் கொட்டிட்டா மைல் ஓட்டத்தில் கால் வராது. அதனால வாரம் ஒரு நாளாவது ஆறையும் வரிசையா, கடிகாரம் வெச்சுப் பண்ணிப் பார்க்கணும்.

புல்-அப் ஒண்ணுகூட வரலைன்னா பெண்களுக்கு மடக்கிய கையோடு தொங்குற மாற்று வழி இருந்திருக்கு. ஆனா அதையே நம்பி இருக்க வேண்டாம். இப்படிப் பண்ணச் சொல்லுங்க: வாரம் மூணு நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி. முதல் மூணு வாரம் கம்பியைப் பிடிச்சுக் கையை நீட்டித் தொங்கணும், 20 விநாடியில் ஆரம்பிச்சு 45 வரைக்கும், நாலு முறை. கூடவே நாற்காலி மேல ஏறித் தாடை கம்பிக்கு மேல இருக்கிற நிலையில் நின்னு, காலை எடுத்துட்டு, அஞ்சு எண்ணி மெதுவா இறங்கணும். அது ஒரு தடவைக்கு நாலு, அப்படி நாலு சுற்று. இறங்குற பலம் வந்தாத்தான் ஏறுற பலம் வரும். ஏழெட்டு வாரத்தில் பல பேருக்கு முதல் புல்-அப் வந்துடும். ரப்பர் பட்டை கட்டிப் பண்றது பரவாயில்லை, ஆனா அது கீழே இருக்கிற கஷ்டமான பகுதியில்தான் உதவி பண்ணும், அதனால பட்டையை மட்டுமே நம்பினா நின்ன இடத்திலேயே நிப்போம். உள்ளங்கை வெளியே பார்க்கிற பிடியில் பழகணும், நம்ம பக்கம் திருப்பிப் பிடிக்கிறது சுலபம் ஆனா கணக்கில் வராது. காலை ஆட்டி ஏறுறதும் அப்படித்தான்.

கூடைப்பந்து வீச்சை யாரும் பயிற்சி பண்றதில்லை. முழங்காலிட்டு இருக்கும்போது காலோட விசை கிடைக்காது, இடுப்பும் தோளும்தான். நேரா எறியாம 45 பாகைக்குக் கொஞ்சம் கீழே, வில் மாதிரி போகணும். பத்து நாள் பழகினாலே பல அடி கூடும். திருப்பு ஓட்டம் 30 அடி தூரத்தை நாலு முறை கடக்கிறது. நேரம் போறது ஓட்டத்தில் இல்லை, திரும்புற இடத்தில். கோட்டுக்கு ரெண்டு அடி முன்னாலேயே உடம்பைத் தாழ்த்தச் சொல்லுங்க.

ஏர் ஃபோர்ஸுக்கும் போடுறதா இருந்தா ஒண்ணு நினைவில் வைங்க: அந்த வளாகம் 7,258 அடி உயரத்தில் இருக்கு. கடல் மட்டத்தில் ஓடுற அதே வேகத்தில் அங்கே ஓடப் போனா முதல் கால் மைலிலேயே மூச்சு திணறும். முதல் ரெண்டு நாள் வேகத்தைக் குறைச்சு, தண்ணி நிறைய குடிக்கணும். அன்னபோலிஸில் பிரச்சினை வேற, ஜூன் மாதப் புழுக்கம். காலைச் சாப்பாட்டைத் தவிர்க்கிற பழக்கம் இருந்தா இப்பவே மாத்தணும்.

புது ஷூ வாங்கிக் கொடுத்து அனுப்பாதீங்க. குறைஞ்சது ஆறு வாரம் ஓடிப் பழகின ஷூ, அதுக்கு ரெண்டாவது ஜோடி ஒண்ணு, ஈரம் உறிஞ்சுற காலுறை. மழையில் நனைஞ்ச ஷூவோட அடுத்த நாள் ஓடினா குதிகால் கொப்புளம்தான், ஒரு வாரமும் அதோடயே போயிடும். சைவம்னா உணவு பற்றிக் கேக்குற இடத்தில் முட்டை உண்டா இல்லையான்னு சேர்த்து எழுதுங்க, வெறும் சைவம்னு எழுதினா முட்டை வரும்.

---

வடதிசை எழுதியது:

இழைப்பு விஷயம்: மறைக்காதீர்கள். செமினாருக்கான மருத்துவப் படிவம், அந்த வாரம் அவளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள. முழு மருத்துவப் பரிசோதனை அகாடமி விண்ணப்பத்தின்போது தனியாக வரும். அந்த விதிகளில் எல்லைக்கோடு 13-ஆம் பிறந்தநாள். அதற்குப் பிறகு ஆஸ்துமா என்று பதிவோ மருந்துச் சீட்டோ இருந்தால்தான் தகுதியின்மைக் கேள்வி எழும், அப்போதும் விலக்குக் கேட்க வழி உண்டு. உங்கள் மகளுக்குப் பத்து வயதோடு நின்றுவிட்டது என்பதால் கவலை குறைவு. ஆனால் ஒன்று பாருங்கள்: சளி பிடித்தபோது டாக்டர் "எதற்கும் இருக்கட்டும்" என்று 14, 15 வயதில் இன்ஹேலர் எழுதிக் கொடுத்திருந்தால் அதுவும் பதிவில் நிற்கும். குழந்தை மருத்துவரிடம் முழுக் கோப்பையும் இப்போதே கேட்டு வாங்கிப் படித்துவிடுங்கள்.

ஓ.சி.ஐ.: இந்திய அரசின் விதிப்படி வெளிநாட்டு ராணுவத்தில் இருப்பவர்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும் ஓ.சி.ஐ. கிடையாது. செமினாருக்குப் போவது ராணுவப் பணி ஆகாது, அதனால் இப்போதைக்கு முட்டாது. நான்காண்டு அகாடமியில் சேர்ந்தால் கதை வேறு. அட்டை இருந்தால் அதை என்ன செய்வது என்று அப்போது இந்தியத் தூதரகத்தில் எழுத்தில் கேளுங்கள். மகளிடமும் இதை இப்போதே சொல்லிவிடுங்கள், தாத்தா பாட்டியைப் பார்க்க இனி விசா எடுக்க வேண்டியிருக்கும் என்பது அவள் முடிவெடுக்கும்போது தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

செமினார் கிடைக்காவிட்டால் அகாடமி கதவு மூடியதாக நினைக்காதீர்கள். இடம் குறைவு, கேட்பவர்கள் அதிகம். கிடைக்காமல் பிறகு அகாடமியில் சேர்கிறவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள், செமினாருக்குப் போய்ச் சேர்க்கை கிடைக்காதவர்களும் இருக்கிறார்கள். கட்டணம் சில நூறு டாலர், தேர்வான பிறகு கட்டினால் போதும், பயணச் செலவு தனி. நியூ ஜெர்சியிலிருந்து அன்னபோலிஸுக்குக் காரிலேயே கொண்டுபோய் விடலாம்.

செமினார் முடிவுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கோஸ்ட் கார்டு தவிர மற்ற மூன்று அகாடமிகளுக்கும் நாமினேஷன் (சேர்க்கைக்கு மகளின் பெயரை ஒருவர் முறைப்படி முன்மொழிவது) வேண்டும். உங்கள் இரண்டு செனட்டர்கள், உங்கள் தொகுதிப் பிரதிநிதி, துணை ஜனாதிபதி என நான்கு பேருக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கட்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, யாரையும் தெரிந்திருக்கவும் வேண்டாம். பல அலுவலகங்கள் வசந்த காலத்திலேயே படிவத்தைத் திறந்து, பள்ளி திறந்த சில வாரங்களில் மூடிவிடும். ஒவ்வொரு அலுவலகமும் கேட்கும் பரிந்துரைக் கடிதங்களின் எண்ணிக்கையும் வடிவமும் வேறு வேறு. ஜூன் நடுவில் ஆசிரியர்கள் விடுமுறைக்குப் போவதற்கு முன் கணித ஆசிரியரிடமும் ஆங்கில ஆசிரியரிடமும் மகளைக் கேட்கச் சொல்லுங்கள். செப்டம்பரில் கேட்டால் அவர்கள் மேசையில் ஏற்கெனவே முப்பது பேர் வரிசையில் இருப்பார்கள்.

---

கொள்ளிடக்கரை எழுதியது:

பாஸ்போர்ட்டுக்குத் திங்கட்கிழமை நேரம் வாங்கிவிட்டோம். காலேஜ் போர்டில் பெயர் சுருக்கமாகத்தான் இருந்தது, மாற்றச் சொல்லி மகளே எழுதிவிட்டாள். டாக்டர் அலுவலகத்தில் கோப்பு கேட்டிருக்கிறோம். கம்பி நாளை வருகிறது.